அக்கம்பக்கம் விசாரிக்கிற வகுப்பு

நாலாம் வகுப்பு 'பி' பிரிவு டீச்சருக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். வீட்டில் முந்திரிக்கொட்டை. பள்ளியில் அகராதி டீச்சர். வைத்தவர்கள் வேறு வேறு ஆட்கள்தான், காரணம் மட்டும் ஒன்று. எதிரே இருப்பவர் வாயைத் திறந்து மூடுவதற்குள் இவள் வாயிலிருந்து பதில் வந்து விழுந்துவிடும்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சாப்பிட உட்கார்ந்ததும், "இன்னிக்கு அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்ல..." என்று ஆரம்பிப்பார்.

"கதவு சாத்தலையா? தூசி அடைச்சிருக்கும்."

"இல்லம்மா, உள்ள ஒருத்தர்..."

"மாட்டிக்கிட்டாரா? ஐயையோ. எறக்கிட்டீங்கல்ல?"

"எறக்கிட்டேன்," என்று தட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர் சாப்பிடத் தொடங்குவார். இருபது வருடக் குடித்தனத்தில் அவர் முழுதாகச் சொல்லி முடித்த கதை ஒன்றுகூட இல்லை.

வகுப்பிலும் இதே கூத்துதான். 'பி' பிரிவு என்றால் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் திரட்டி உட்காரவைத்த இடம். எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள், ஆனால் கொஞ்சம் நீளமான சொல் வந்தால் மேட்டில் ஏறும் வண்டி மாதிரி நின்றுவிடுவார்கள். இரண்டு சொற்கள் ஒட்டி ஒன்றான கூட்டுச் சொல் என்றால் கேட்கவே வேண்டாம். வகுப்பே தலையைத் தூக்கி டீச்சரைப் பார்க்கும். அவர்களுக்கெல்லாம் தலைவன் முன் வரிசையில் இருந்த ஒரு பையன். "டீச்சர், சந்தேகம்," என்று வரிக்கு வரி கையைத் தூக்குவதால் அவன் பெயரே சந்தேகம் என்று ஆகிப்போயிருந்தது.

"டீச்சர், சந்தேகம். நீர்வீழ்ச்சின்னா?"

"மேல இருந்து கொட்டுற தண்ணிடா. அடுத்து."

பாடம் சர்ரென்று ஓடும். கேட்ட கேள்வி ஒன்றுகூட அந்தரத்தில் தொங்கியதில்லை என்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமையை அரையாண்டுத் தேர்வு உடைத்துப் போட்டது. முன்பின் பார்க்காத பக்கம் ஒன்றைக் கொடுத்துக் கேள்வி கேட்டிருந்தார்கள். 'பி' பிரிவில் நீளச் சொல் வந்த இடமெல்லாம் வெற்றிடம். தேர்வு அறையில் தலையைத் தூக்கிப் பார்த்தால் பதில் சொல்ல அங்கே டீச்சர் இல்லையே.

தலைமையாசிரியர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கத்துகிற ஆள் இல்லை அவர். மெதுவாகப் பேசி வலிக்க வைக்கிறவர்.

"உங்க பிள்ளைங்க பாடத்தைப் படிக்கல டீச்சர், உங்க வாயைப் படிச்சிருக்காங்க. வருஷக் கடைசியில ஆய்வாளர் வர்றாங்க. அவங்களும் தெரியாத பக்கம்தான் குடுப்பாங்க. பிள்ளைங்களுக்குப் புரிஞ்சா அஞ்சாங்கிளாஸ். இல்லன்னா 'பி' பிரிவு மொத்தமும் இதே வகுப்புல இன்னொரு வருஷம். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வீட்டுக்கு வந்து அழுதாள் என்று எழுதினால் அது பொய். வந்து பாத்திரத்தையெல்லாம் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள். மறுநாளிலிருந்து வகுப்பில் இன்னும் உரக்க, இன்னும் வேகமாக, கேட்காத சொற்களுக்கும் சேர்த்துப் பொருள் சொன்னாள். கையில் இருந்த ஒரே ஆயுதம் அந்தத் தொண்டைதான். ஒரு மாதம் தாங்கியது. பிறகு ஒரு காலை எழுந்து, "என்னங்க" என்று கூப்பிட்டால், துரு ஏறின கீல் திறந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. சாயங்காலம் அதுவும் வரவில்லை.

தொண்டை டாக்டர் கண்டிப்பான பெண்மணி. விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "குரல் நாண்ல முடிச்சு விழுந்திருக்கு. கத்திக் கத்தியே வர்றது. பேசவே கூடாது," என்றார். டீச்சர் தலையாட்டினாள். "கிசுகிசுன்னும் பேசக் கூடாது. அது இன்னும் கெடுதல். நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறந்தா சாப்பிடத்தான் திறக்கணும்."

வீட்டுக்காரர் வழியெல்லாம் முகத்தைக் கஷ்டப்பட்டு வருத்தமாக வைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் அவரால் முடியவில்லை. "நம்ம வீட்டு ஃபேனுக்கு ஒரு சத்தம் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது," என்றார். அவள் கரண்டியை ஓங்கினாள். அதற்கும் சத்தம் இல்லை.

விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார் தலைமையாசிரியர். எடுத்தால் அந்த வகுப்புக்கு வேறு ஆள் கிடையாது, கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளை மற்ற வகுப்புகளில் ஓரமாக உட்காரவைப்பார்கள். அது அவளுக்குத் தெரியும். அவர் மேசை மேல் இருந்த சாக்குக்கட்டியை எடுத்து, அவர் அறைச் சுவரில் மாட்டியிருந்த பலகையிலேயே, "நான் வருவேன்" என்று எழுதிவிட்டு வந்தாள்.

வந்தாள், சரி. வந்து என்ன செய்வது?

முதல் நாள் வாசிப்புப் பாடத்தில் ஒரு சிறுமி தன் அம்மாவுக்கு உதவுகிற கதை. சந்தேகம் படித்தான். "அவள் இழுப்பறையை இழுத்தாள். உள்ளே கத்தரிக்கோல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இழுப்பறையைத் தள்ளி மூடினாள்." கை பழக்கத்தில் மேலே போனது.

"டீச்சர், சந்தேகம். இழுப்பறைன்னா?"

டீச்சர் வாயைத் திறந்தாள், டாக்டர் முகம் ஞாபகம் வந்தது, மூடினாள். எழுதியாவது போடலாம் என்று பலகைப் பக்கம் திரும்பினாள். சாக்குக்கட்டி உடைந்து கீழே உருண்டது. குனிந்து தேடும்போது முதுகுக்குப் பின்னால் பேச்சு கிளம்பியது.

"அறைன்னா ரூமுடா. இழுக்கிற ரூம்."

"ரூமை எவன்டா இழுப்பான்? உங்க தாத்தாவா?"

"அறைன்னா கன்னத்துல விடுறது. புடிச்சு இழுத்து ஒரு அறை!"

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. டீச்சர் சாக்குக்கட்டியோடு நிமிர்ந்தாள், எழுதக் கையைத் தூக்கினாள். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். சுலபத்தில் வாயைத் திறக்காத ஒரு பெண் இருந்தாள் அங்கே. அழுத்தக்காரி என்பார்கள் மற்ற பிள்ளைகள்.

"அறைஞ்சா உள்ள எப்படிக் கத்தரிக்கோல் இருக்கும்? இழுத்தா திறக்குது, தள்ளினா மூடுது, உள்ள சாமான் இருக்கு. அது டீச்சர் மேசையில இருக்கிற டிராயர்."

பிறகு சந்தேகம் எழுந்துபோய் டீச்சருடைய மேசை டிராயரை ஒரு தடவை இழுத்தான், ஒரு தடவை தள்ளினான், உள்ளே எட்டிப் பார்த்தான். "ஆமாடா. அதேதான்," என்று சபைக்கு அறிவித்தான்.

டீச்சரின் கை பலகைக்கு முன்னால் அப்படியே நின்றது. எழுதியிருந்தால் இந்தப் பேச்சே நடந்திருக்காது. இத்தனை வருடமாக நடக்கவிடாமல் தடுத்தது யார் என்பதும் அப்போதே பளிச்சென்று உறைத்தது. சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, கைகளைத் தட்டித் தூசியை உதறினாள்.

அதற்குப் பிறகு அவள் கை பேசியது. நீளச் சொல் வந்தால் இரண்டு முஷ்டிகளையும் சேர்த்து வைத்துப் பிரிப்பாள்: சொல்லைப் பிரி. ஒரு விரலை இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் நீட்டுவாள்: முன்னால் என்ன இருக்கு, பின்னால் என்ன இருக்கு, பார். உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டினால், அவசரப்படாதே. இதற்கு அவள் பெயர் எதுவும் வைக்கவில்லை, வைக்கக் குரலும் இல்லை. பிள்ளைகளே வைத்தார்கள். சந்தேகத்தின் வீட்டு மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வாடகைக்கு வரப்போகிறது என்றதும் அவன் அம்மா தெருவெல்லாம் போய் யார் என்ன என்று துருவியிருந்தாள். "அதே மாதிரிதான் டீச்சர். இந்தச் சொல்லு புதுசா குடிவந்திருக்கு. அக்கம்பக்கம் விசாரிச்சா தெரிஞ்சிடும்," என்றான். அன்றிலிருந்து அந்த வகுப்பில் சொல்லுக்குப் பொருள் கேட்பது நின்றுபோனது. விசாரணை ஆரம்பமானது.

ஆரம்பித்த ஜோரில் கண்ணில் பட்ட சொல்லையெல்லாம் வெட்ட ஆரம்பித்தார்கள். கடிகாரத்தை உடைத்து, கடித்தால் காரமாக இருக்கும் என்று ஒருவன் கண்டுபிடித்தான். நாற்காலி என்றால் நாலு கால், அப்படியென்றால் மாடும் நாற்காலிதானே என்று இன்னொருத்தி வாதாடினாள். டீச்சர் சத்தம் வராமல் சிரித்து வயிறு வலித்து உட்கார்ந்தாள்.

பிரிப்பது மட்டும் போதாது என்பதை அவர்களுக்குக் காட்டியது வெட்டுக்கிளி. வெட்டு, கிளி. அப்புறம் என்ன? பறவைதான் என்று வகுப்பே முடிவு கட்டிவிட்டது. ஒருவன் அதற்குச் சிவப்பு மூக்குகூட வரைந்துவிட்டான். டீச்சர் விரலை வலப்பக்கம் நீட்டினாள். அடுத்த வரியைப் படித்தார்கள். "அது நீண்ட பின்னங்கால்களை உதைத்து, ஒரு புல்லிலிருந்து இன்னொரு புல்லுக்குத் தாவியது."

"கிளி ஏன்டா புல்லுல உக்காருது?"

"புல்லு வளைஞ்சு கீழ போயிடுமே."

"அப்ப அது எவ்வளவு சின்னது! பூச்சிடா. தத்தித் தத்திப் போகுமே, அந்தப் பச்சைப் பூச்சி."

வரைந்தவன் மூக்கை அழித்தான். "பேரு ஒண்ணு சொல்லுது, பக்கத்து வீடு ஒண்ணு சொல்லுதே," என்றான் எரிச்சலாக. அழுத்தக்காரி அவனைத் திரும்பிப் பார்த்து, "உன் பட்டப்பேர் பூனை. நீ என்ன மியாவ்னா கத்துற?" என்றாள். டீச்சர் நாள் முழுக்கப் பேசியிருந்தாலும் இவ்வளவு நறுக்கென்று விளக்கியிருக்க மாட்டாள்.

வீட்டிலும் சில விஷயங்கள் நடந்தன. ஆஸ்பத்திரி லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் இறங்க மறுத்தாராம். உள்ளே உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கிவிட்டாராம், எழுப்பினதற்குச் சண்டைக்கு வந்தாராம். வீட்டுக்காரர் முழுக்கச் சொன்னார், இடையில் யாரும் முந்தவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் புரையேறியது. "இதுக்குத்தான் சொல்றேன், கொஞ்சம் பொறுத்தா நானும் நல்லாவே பேசுவேன்," என்றார் அவர், தண்ணீரை நீட்டிக்கொண்டே.

டாக்டர் பேச்சுக்கு அனுமதி கொடுத்தபோது ஆய்வுக்குச் சில வாரங்களே இருந்தன. முதல் நாள் வகுப்பில் "உக்காருங்க" என்று சொன்னதற்கே பிள்ளைகள் கைதட்டினார்கள். பாடம் தொடங்கியது. "நிழற்குடை" என்று ஒருத்தி தடுக்கி நின்றாள். டீச்சரின் நாக்கு பழைய வேகத்தில் புறப்பட்டுவிட்டது.

"அது வந்து, பஸ்..."

"சொல்லாதீங்க டீச்சர்!"

ஒரு குரல் இல்லை, வகுப்பு முழுவதும். சந்தேகம் எழுந்தே நின்றுவிட்டான். "நாங்க விசாரிச்சுக்கிட்டிருக்கோம். நீங்க பாட்டுக்குக் குறுக்க வர்றீங்க!"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இந்த இரைச்சல் கேட்டுத்தான் தலைமையாசிரியர் வந்தார். வராந்தாவுக்கு அவளைக் கூப்பிட்டார். "டீச்சர், 'ஏ' பிரிவுல முக்கியமான நீளச் சொல்லா எடுத்துப் பொருளோட மனப்பாடம் பண்ண வெச்சுட்டாங்க. கேட்டா கடகடன்னு ஒப்பிக்கிறாங்க. உங்க வகுப்புல பிள்ளைங்க சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க."

"சண்டை இல்ல சார். படிக்கிறாங்க."

"ஆய்வாளர் கேக்கும்போது இப்படி ஆளுக்கு ஒண்ணு சொன்னா, ஒண்ணும் தெரியலன்னுதான் எடுத்துப்பாங்க. இன்னும் நாள் இருக்கு. நீங்களும் மனப்பாடம் பண்ண வைங்க. உங்க பிடிவாதத்துக்கு இந்தப் பிள்ளைங்க ஒரு வருஷத்தைக் குடுக்கணுமா?"

அது அவளைச் சுட்டது. என்ன செய்யலாம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, "புது ஆளுங்களுக்கு நான் வேலை கத்துக் குடுக்கும்போது எந்த ஸ்க்ரூவை எத்தனை திருகுன்னு சொல்லிக் குடுத்தா, அந்த ஒரு லிஃப்டைத்தான் ரிப்பேர் பண்ணுவான். ஆனா இது உன் பிள்ளைங்க. தப்பாப் போனா அவங்க முகத்தை நீதான் பாக்கணும்," என்றார். ஆறுதலாகவும் இல்லை, பொய்யாகவும் இல்லை.

மறுநாள் அவள் தலைமையாசிரியரிடம் போய், "மனப்பாடம் வேண்டாம் சார். முன்னப்பின்ன தெரியாத சொல் வந்தா அதுக்கு மனப்பாடம் உதவாது. இவங்களுக்கு வழி தெரியும்," என்றாள். குரல் நடுங்கியது. முடிச்சு விழுந்த தொண்டை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

ஆய்வாளர் பருத்திப் புடவை உடுத்திய, மூக்குக்கண்ணாடி போட்ட அம்மா. வந்ததும் நாற்காலியைப் பிள்ளைகள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். கடற்கரையில் ஓர் உயரமான மாளிகை, அதில் ஒரு புயல் இரவு. பிள்ளைகள் மாற்றி மாற்றிப் படித்தார்கள், அங்கங்கே திக்கினாலும் நிற்காமல். டீச்சர் சுவரோரம் நின்றாள். பக்கத்தில் தலைமையாசிரியர்.

"மாளிகையின் உச்சியில் ஓர் இடிதாங்கி இருந்தது," என்ற வரியில் ஆய்வாளர் நிறுத்தினார். "இடிதாங்கின்னா என்ன? யார் சொல்றீங்க?"

ஒரு கையும் எழவில்லை. சந்தேகத்தின் கைகூட. தாள்கள் மேல் குனிந்த தலைகள் மட்டும். எங்கேயோ ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது. தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பதில் டீச்சரின் தொண்டையில் வந்து உட்கார்ந்திருந்தது, சும்மா ஒரு கண்சாடை காட்டினால்கூடப் போதும். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"தெரியலையா? பரவாயில்ல," என்று ஆய்வாளர் பேனாவை எடுத்தார்.

"இருங்க மேடம்," என்றான் சந்தேகம், தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே. "இன்னும் விசாரிச்சு முடியல."

பேனா நின்றது. "யாரை விசாரிக்கிறீங்க?"

"அக்கம்பக்கத்தை. நீங்க ரெண்டு நிமிஷம் உக்காருங்க."

உட்கார்ந்துதான் இருந்தார் அவர். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இடி, தாங்கி," என்று ஆரம்பித்தது ஒரு குரல். "இடியைத் தாங்குற தூணா இருக்கும்."

"தூணுன்னா கீழ இருக்கணும். இது உச்சியில இருக்கு."

"கீழ பாரு, கூரான கம்பின்னு போட்டிருக்கு. மின்னல் வந்து அதுலதான் விழுது."

"விழுந்தா உடைஞ்சிடாதா?"

"உடையல. கம்பி வழியா எறங்கி மண்ணுக்குள்ள போயிடுச்சாம். உள்ள தூங்கினவங்க முழிக்கவே இல்லயாம்."

அழுத்தக்காரி எழுந்தாள். எழுந்து நின்று அவள் பேசி டீச்சரே பார்த்ததில்லை. "மேடம், தாங்குறதுன்னா இங்க புடிச்சு வெச்சுக்கிறது இல்ல. வாங்கிக் கீழ விட்டுடுறது. வீட்டு மேல விழ வேண்டிய மின்னலை அந்தக் கம்பி வாங்கி மண்ணுக்கு அனுப்பிடுது. அதனால வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. அந்தக் கம்பிதான் இடிதாங்கி."

ஆய்வாளர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு எழுந்து பலகைக்குப் போய், ஒரே ஒரு சொல்லை எழுதினார். ஒட்டுண்ணி.

"இது?"

வகுப்பு பலகையைப் பார்த்தது. அழுத்தக்காரி இன்னும் உட்காரவில்லை. "தனியா நிக்குதே மேடம். அக்கம்பக்கம் யாருமே இல்ல. யாரைக் கேக்குறது? ஒரு வரியாவது குடுங்க."

ஆய்வாளர் சிரித்துவிட்டார். தலையசைத்துக்கொண்டே சொல்லுக்குப் பின்னால் எழுதினார். ஒட்டுண்ணிச் செடிக்கு மண்ணில் வேர் கிடையாது. அது ஒரு மாமரத்தின் கிளையைப் பற்றிக்கொண்டு, மரத்தின் சாற்றைக் குடித்துக் கொழுத்தது. மரமோ வாடியது.

எழுதி முடிப்பதற்குள் பின்னால் இரைச்சல் கிளம்பிவிட்டது. ஒட்டு, உண்ணி. ஒட்டிக்கிட்டு உண்ணுது. சொந்தமா எதுவும் பண்றதில்ல. மரம் சம்பாதிச்சதை இது சாப்பிடுது. அதற்குள் பூனை துள்ளி எழுந்தான். "மேடம், எங்க வீட்டுக்கு வந்து போகவே மாட்டேங்கிற சித்தப்பா!"

தலைமையாசிரியர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஆய்வாளர் அடக்கவே முயலவில்லை. சிரித்து முடித்துவிட்டு, இன்னும் இரண்டு பக்கங்களைக் கொடுத்துப் பார்த்தார், அது நம்பாமல் அல்ல, ஆசையினால். எல்லாவற்றுக்கும் முதலில் அதே அமைதி, பிறகு அதே சண்டை, கடைசியில் சரியான பதில்.

போகும்போது வாசலில் நின்று தலைமையாசிரியரிடம், வகுப்புக்கே கேட்கும்படி, "எல்லாரும் மேல போகட்டும். ஒருத்தரையும் நிறுத்தாதீங்க," என்றார். பிறகு டீச்சரிடம், "இவங்களுக்கு எப்படிம்மா சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"சொல்லலீங்க," என்றாள் டீச்சர்.

அவர்கள் போன பிறகு வகுப்பு போட்ட கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது. இந்த முறை டீச்சர் அடக்கவில்லை. சாயங்காலம் மணி அடித்தும் ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. அஞ்சாம் வகுப்பு மாடியில் இருந்தது. அந்த வருடப் பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள், அறை திறந்து கிடந்தது. மொத்த 'பி' பிரிவும் படியேறியது, பின்னாலேயே டீச்சரும்.

பெஞ்சுகள் அங்கே கொஞ்சம் உயரம். ஆளாளுக்கு இடம் பிடித்துத் தொத்தி ஏறினார்கள். பூனை ஜன்னலோரம் பிடித்தான். சந்தேகம் முன் வரிசையில் நடுவில். அழுத்தக்காரி கடைசி வரிசைக்குப் போகாமல் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். யாருக்கும் கால் தரைக்கு எட்டவில்லை, எல்லாக் கால்களும் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

கதவைப் பூட்ட வந்த காவலாளி சாவியைக் குலுக்கினார். "என்ன டீச்சர் இது? இன்னும் லீவே விடல, அதுக்குள்ள மேல வந்து உக்காந்துட்டாங்க. எறங்குங்க பிள்ளைங்களா, பூட்டணும்."

"கொஞ்சம் பொறுங்கண்ணே," என்றாள் டீச்சர். அவளும் ஓரத்து பெஞ்சில் ஏறி உட்கார்ந்தாள்.

ஒருத்தரும் இறங்கவில்லை.